முதுகுக்கு ஒரு வசனம்

பேசக் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. வாயவே தொறக்கக் கூடாதாம், கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதாம். சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்மா. மெதுவாத்தான் பேசறேன். நீங்க பேச வேணாம். கழுத்துல இவ்ளோ பெரிய கட்டு போட்டிருக்கீங்க, பாத்தாலே தெரியுது ஆபரேஷன் ஆயிருக்குன்னு. தைராய்டா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். மிச்சத்த நானே புரிஞ்சுக்குவேன். என் தொழிலே அதுதான்.

டப்பிங் ஆர்ட்டிஸ்ட். வனஜான்னு பேரு. பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது, குரலக் கேட்டாத் தெரியும். சீரியல் பாப்பீங்கல்ல? ஆஸ்பத்திரி சீன்ல ஒரு நர்ஸ் வெளிய வந்து "பேஷண்ட் கண்ணு முழிச்சிட்டாங்க, நீங்க உள்ள போய்ப் பாக்கலாம்"னு சொல்லுவா பாருங்க, அது நான்தான். எந்தச் சானல்ல எந்த நர்ஸ் சொன்னாலும் பாதி நான்தான். கல்யாண வீட்டுல பின்னாடி நின்னு பொண்ணு லட்சணமா இருக்கான்னு சொல்ற கும்பல்ல நான் இருப்பேன். எழவு வீட்டுல அழற கும்பல்லயும் நான் இருப்பேன். கதாநாயகிக்கு மட்டும் பேச விட்டதே இல்ல. அம்மாவுக்குப் பேசியிருக்கேன், செத்துப்போற அம்மாவுக்கு. இழுத்து இழுத்து மூச்சு விட்டுச் சாகறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லன்னு யூனியன்லயே சொல்லுவாங்க.

இப்பக் கொஞ்ச நாளா குரல் அடைக்குது. எப்பவும் இல்ல. மைக் முன்னாடி நிக்கும்போது, அதுவும் சில எடத்துல மட்டும். பாருங்க, இப்பக்கூட கரகரங்குது. உள்ள குழாய விட்டுப் பாத்துட்டாரு டாக்டர். வோக்கல் கார்டு ரெண்டும் சின்னப் பொண்ணுக்கு இருக்கற மாதிரி இருக்கு, ஒரு கோளாறும் இல்லங்கறாரு. பின்ன ஏன் அடைக்குதுன்னு கேட்டா முழிக்கிறாரு. தூசின்னு நான் சொல்றேன். தினம் காலையில கால்வாய்க்கரையில வாக்கிங் போறேன், அங்க இன்னும் கொஞ்சம் சிமெண்டு வேலை பாக்கி இருக்கு.

என்னம்மா, அடிக்கடி கடியாரத்தப் பாக்கறீங்க? ட்ரெயின் புடிக்கணுமா? கைய அப்படி ஆட்டறீங்க. சரி சரி. நீங்க எனக்கு முன்னாடிதான், அடுத்தது உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அது வரைக்கும் இதக் கேளுங்க. கேட்டுட்டு நியாயத்த நீங்களே சொல்லுங்க.

நான் சொன்னது சங்கிலிக் கால்வாய். எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி ஓடுது. ஓடுதுன்னு சொல்லக் கூடாது, கெடந்துச்சு. கறுப்பா, கட்டியா, பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் செத்த எலியுமா கெடந்துச்சு. அந்தப் பெரிய மழை வந்த வருஷம் தண்ணி போக வழியில்லாம எங்க தெருவுக்குள்ள ஏறிடுச்சு. நான் கட்டில் மேல உக்காந்திருக்கேன், சமையல்கட்டுலேர்ந்து கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து கதவுல முட்டுது. தனியா இருக்கற பொம்பளை. அதுக்கப்புறம் மழை சத்தம் கேட்டாலே ராப்பூரா எந்திரிச்சு உக்காந்திருப்பேன். அதனால அந்தக் கால்வாயச் சுத்தம் பண்றதுக்கு ஒரு படம் எடுக்கறாங்கன்னா அதுல எனக்கும் பங்கு வேணும்னு நெனைச்சது தப்பா?

ஜெயசீலன்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர், சாலிகிராமத்துல மொட்டமாடியில சின்னதா ஸ்டூடியோ வச்சிருக்கான். எனக்குத் தம்பி மாதிரி. அவன்தான் போன் பண்ணான். அக்கா, டாக்குமெண்டரி ஒண்ணு, ஒரே ஒரு பொம்பளைக்குப் பேசணும், வாங்கன்னான். டாக்குமெண்டரிக்கு எதுக்குடா டப்பிங், அதுல நிஜ மனுஷங்கதான பேசுவாங்கன்னு கேட்டேன். வாங்க சொல்றேன்னான்.

போனா டைரக்டர் உக்காந்திருக்காரு. ஹேமச்சந்தர். எனக்குப் பையன் இருந்தா அந்த வயசுதான் இருக்கும். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு. இத்தன வருஷத்துல ஒரு டைரக்டர் எனக்கு எந்திரிச்சு நின்னது அதான் மொதத் தடவ. வெந்நீர்ல தேன் கலந்து வாங்கிட்டு வரச் சொன்னாரு எனக்கு. நல்ல புள்ள. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தப் புள்ளையச் சொல்லவே மாட்டேன்.

அந்தப் புள்ள கால்வாய் ஆரம்பிக்கற எடத்துலேர்ந்து கடல்ல கலக்கற எடம் வரைக்கும் கேமராவத் தூக்கிட்டு நடந்தே போயிருக்கு. ஊரு வளரட்டும், ஆனா தண்ணிக்கு வழி விட்டு வளரட்டும், அதான் படத்தோட விஷயம். இந்தப் படத்த ஸ்கூல்ல போடுவாங்க, வார்டு வார்டாப் போடுவாங்க, அதிகாரிங்களுக்குப் போட்டுக் காட்டுவாங்க. பாத்தா ஜனங்களுக்கே குப்ப போட மனசு வராதுன்னாரு. எனக்கு அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்டினாரு. இப்ப இருக்கற சாக்கடை அப்படியே மெல்ல மறைஞ்சு, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச கால்வாயா மாறுது. தெளிஞ்ச தண்ணி, கரையில மரம், புள்ளைங்க சைக்கிள் ஓட்டுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா.

இதுல ஒரு விஷயத்த நீங்க தெரிஞ்சுக்கணும். திட்டம் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு, கால்வாய் ஓரமா இருக்கற குடிசைங்கள எடுத்துட்டு அந்தக் கரையில நடைபாதையும் மரமும் வைக்கறது. இன்னொண்ணு, குடிசைங்கள அப்படியே விட்டுட்டு எதிர்க்கரையில வைக்கறது. எதிர்க்கரையில பழைய குடோன்தான், ஆளில்ல. குடிசையில இருக்கறவங்க ரெண்டாவது திட்டத்தத்தான் கேட்டாங்க. ஜனங்க சம்மதிச்சாத்தான் மொதல் திட்டம்னு அதிகாரிங்களும் சொல்லியிருந்தாங்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அன்னிக்கு ஸ்டூடியோவுல எனக்கு எதுவும் தெரியாது. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

நான் பேச வேண்டிய பொம்பளை பேரு தேசம்மா. அந்தக் குடிசைங்கள்ல ஒண்ணுல இருந்தா. விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட் வாசல்ல இட்லிக் கடை போடுவா, மூட்ட தூக்கறவங்களுக்கு. குடிசைக்காரங்க எல்லாரும் சேந்து, நீதான் நல்லாப் பேசுவ, நமக்காக நீ பேசுன்னு அவளைத்தான் கேமரா முன்னாடி நிறுத்தியிருக்காங்க. அவளும் பாலத்துக்குக் கீழ நின்னு பேசியிருக்கா. பேசற நேரம் பாத்துப் பாலத்து மேல லாரியா வந்திருக்கு. சத்தம் பாழாப்போச்சு. ஆனா ஷாட்டு பிரமாதம். டைரக்டருக்கு அத விட மனசில்ல. அதனாலதான் டப்பிங்.

ஷூட்டிங்ல எடுத்த அந்தப் பழைய சத்தத்த நாங்க பைலட்னு சொல்லுவோம். அத ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே, திரையில வாயப் பாத்துக்கிட்டே பேசணும். அவ எங்க மூச்சு வாங்கறா, எங்க இழுக்கறா, எங்க எச்சி முழுங்கறா எல்லாம் நமக்குள்ள ஏறணும். எங்க காது வேறம்மா. ஆயிரம் பேரு சத்தத்துல ஒருத்தி முணுமுணுத்தாலும் புடிச்சிரும்.

மொதப் பாதி பிரச்சினை இல்ல. கேமராவப் பாத்து நேராப் பேசறா. "கால்வாய் சுத்தமாவணும் சார். மழை வந்தா மொதல்ல முழுவறது நாங்கதான்." அவ வாய்க்கு அப்படியே பொருந்திச்சு. அவ குரல் கரடு, நான் கொஞ்சம் மெருகு போட்டுப் பேசினேன். கேக்கறவங்களுக்கு இரக்கம் வரணும்ல? டேக் ஓகே.

அப்புறம்தான் அந்த ஷாட்டு. பேசிக்கிட்டே இருக்கறவ சட்டுனு திரும்பிடறா. முதுகுதான் தெரியுது. ஒரு கைய மெல்லத் தூக்கி, கால்வாய்க்கு அந்தப் பக்கமாக் காட்டறா. சாயங்கால வெயில் அந்தக் கை மேல விழுது. தோளு அசையுது, ஏதோ சொல்றா. ஆனா வாய் தெரியல. பைலட்ல லாரி ஹாரன் காதப் பொளக்குது. டைரக்டரும் எடிட்டரும் எவ்ளவோ தடவ போட்டுக் கேட்டுப் பாத்துட்டாங்களாம், ஒரு வார்த்தை புடிபடல. அன்னிக்கு அவரு தூரத்துல கேமராகிட்ட நின்னதால நேர்லயும் கேக்கல. மைக் அவ ரவிக்கையில குத்தியிருந்துச்சு, அதுக்குத்தான் கேட்டிருக்கும். "வனஜாம்மா, உங்க காதுக்கு ஏதாவது புரியுதான்னு பாருங்க, இல்லன்னா இந்த ஷாட்ட வெட்டிடலாம்"னாரு.

ஹெட்ஃபோன அழுத்திப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேன். கேட்டேன், கேட்டேன். வார்த்தை தெளிவா இல்ல தம்பின்னு சொன்னேன்.

எங்க தொழில்ல முதுகு காட்டற ஷாட்டுன்னா ஒரு சந்தோஷம் இருக்கு. வாய்க்குப் பொருத்த வேணாம் பாருங்க. என்ன வேணும்னாலும் வைக்கலாம். கதையில எத சொல்ல மறந்தாங்களோ அத அங்கதான் சொருகுவாங்க. அந்தக் கைய நான் பாத்தேன். தூரமாக் காட்டுது. எனக்கு அப்படியே மனசுல வந்துச்சு. மைக்க நோக்கிச் சாஞ்சு சொன்னேன்: "நல்ல எடமாக் குடுத்தா நாங்களும் போயிருவோம் சார். எங்க புள்ளைங்களாவது நல்ல காத்து வாங்கட்டும்."

கைக்குப் பொருந்திச்சு, தோளுக்குப் பொருந்திச்சு, வெயிலுக்கே பொருந்திச்சும்மா. ஜெயசீலன் எந்திரிச்சுட்டான். டைரக்டர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "அவங்க இதத்தான் சொல்றாங்களா?"ன்னு கேட்டாரு. தொனி அதுதான் தம்பின்னேன். பொம்பளை மனசு பொம்பளைக்குத் தெரியாதா? நானும் வாடகை வீட்டுலதான் இருக்கேன். வீட்டுக்காரன் காலி பண்ணு காலி பண்ணுங்கறான். நல்ல எடமாக் குடுத்தா நான் போயிருவேன். நீங்க போக மாட்டீங்களா? தலையாட்டறீங்க பாருங்க. போவேன்னுதான சொல்றீங்க?

காலம் பூராவும் அடுத்தவங்க எழுதினதத்தான் பேசியிருக்கேன். என் சொந்த வாயிலேர்ந்து வந்து திரையில ஏறின வசனம் அது ஒண்ணுதான்.

மொதத் தடவ படத்தப் போட்டது ஒரு ஏசி ஹால்ல. அந்த வசனம் வந்ததும் கைதட்டுனாங்க. ஒரு அதிகாரி கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, என் கண்ணால பாத்தேன். இந்த ஒரு வரிக்காகவே எல்லா ஊர்லயும் இந்தப் படத்தக் காட்டணும்னு மைக்ல பேசினாரு. எனக்கு அப்படியே பறக்கற மாதிரி இருந்துச்சு. கடைசியில பேரு ஓடுது. கேமரா யாரு, எடிட்டிங் யாரு, டீ குடுத்த பையன் பேருகூட வருது. குரல்னு வந்துச்சு, நிமிந்து உக்காந்தேன். குரல்: சங்கிலிக் கால்வாய் மக்கள். அவ்ளோதான்.

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. வாசல்லயே டைரக்டர நிறுத்திக் கேட்டுட்டேன். அவரு பாவம், கையப் பெசையறாரு. டாக்குமெண்டரியில டப்பிங்னு பேரு போட்டா யாரும் நம்ப மாட்டாங்கம்மா, நல்ல காரியம் கெட்டுடும், மன்னிச்சுக்கங்கன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்பவும் ஆறல. உள்ளத உள்ளபடி காட்டணும்ல டாக்குமெண்டரின்னா? என் குரல மறைக்கறது பொய்தான? அத யாரும் யோசிக்கல.

சரி, பேருதான் இல்ல, ஜனங்க கேக்கறதையாவது பாப்போம்னு கால்வாய்க்கரையில படம் போட்ட அன்னிக்குப் போனேன். யாரும் கூப்பிடல. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல திரை கட்டி, குடிசைக்காரங்க எல்லாரும் தரையில உக்காந்திருந்தாங்க. அதிகாரிங்களுக்கு நாற்காலி. படம் முடிஞ்சதும் ஜனங்க கருத்து சொல்லணும், எந்தத் திட்டம்னு அன்னிக்கு முடிவாகும். டைரக்டர் வரல. இன்னொரு ஊர்ல படத்தக் காட்டப் போயிருந்தாரு.

தேசம்மாவ அன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன். திரையில இருக்கறத விடக் குள்ளம். மொத வரிசையில, தன் மூஞ்சியத் தானே பாக்கப்போறோம்னு வெக்கத்துல சேலைத் தலைப்பக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. படத்துல அவ வாயத் தொறந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. இன்னா தேசம்மா, குரலு தேனாட்டம் கீது, மெஷின்ல சக்கரை போட்டாங்களான்னு கேலி. அவளும் சிரிச்சா.

அப்புறம் முதுகு வந்துச்சு. என் வசனம் வந்துச்சு.

எல்லாரும் திரையப் பாக்கறத விட்டுட்டு அவளப் பாத்தாங்க. நமக்காகப் பேசுன்னு அனுப்பினவ நம்மள வித்துட்டாளேன்னு பாக்கற பார்வை. அவ எந்திரிச்சு, அது நான் சொன்னது இல்ல சார்னு சொன்னா. நான் போவ மாட்டேன்னுதான் சொன்னேன், போவோம்னு சொல்லவே இல்ல சார்ன்னா. ஏசி ஹால்ல கண்ணாடி தொடச்ச அந்த அதிகாரியும் இருந்தாரு, கெட்டவரு இல்லம்மா. பதறாதீங்கன்னு சொல்லி அந்த எடத்த மறுபடி போடச் சொன்னாரு. மறுபடி முதுகு, மறுபடி கை, மறுபடி என் வசனம். "யாரும் உங்கள மெரட்டலயேம்மா, மனசாரத்தான சொல்லியிருக்கீங்க"ன்னாரு. அவ கத்தினா. கத்தக் கத்த அவ குரல் ஒடைஞ்சு தகரத்த இழுக்கற மாதிரி ஆயிடுச்சு. படத்துல வந்த குரல்தான் அவ குரல் மாதிரியும், இவ யாரோ மாதிரியும் இருந்துச்சு.

அவ பக்கத்துல உக்காந்திருந்தவளத் திரும்பிப் பாத்தா. அப்ப கேட்டா பாருங்க. "ஏண்டி, அன்னிக்கு நீ என் பக்கத்துலதான நின்னே. நானா அப்படிச் சொன்னேன்? என் வாயில வந்துடுச்சாடி அது?"

அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. பேசினவளுக்கே தான் பேசினதா தோணிடுச்சு. ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்டுக்கு இதுக்கு மேல என்ன அவார்டு வேணும்? அந்தப் பக்கத்துல இருந்தவ, லாரி சத்தத்துல எனக்கு இன்னா கேட்டுச்சு, படத்துல அப்படித்தான கீதுன்னு சொல்லிட்டு நவுந்து உக்காந்துட்டா.

எனக்கு மனசு கேக்கல. நான் கல்நெஞ்சக்காரி இல்ல. கூட்டம் கலையும்போது போயி அவ தோளத் தொட்டு, அழாத தேசம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவ அப்படியே என் மூஞ்சியப் பாத்தா. அந்தப் பார்வைய நான் எப்படிச் சொல்றது. என் மணிக்கட்டப் புடிச்சுட்டா. இட்லிப் பானை தூக்கற கை, இரும்பு.

"நீதானா அது"ன்னா. "நீ கேட்டிருப்பல்ல? நான் இன்னா சொன்னேன்னு நீ கேட்டிருப்பல்ல? வா, அந்த ஆபீசராண்ட வந்து சொல்லு. ஒரு தடவ சொல்லு, போதும்."

நான் என்னம்மா பண்ணுவேன்? யாரோ தெருவுல புடிச்சு இழுத்தா? எனக்கு மறுநாள் ரெக்கார்டிங் வேற. கைய உருவிக்கிட்டு வந்துட்டேன். அவ புடிச்ச புடியில என் கண்ணாடி வளையல் ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. புதுசு. இந்தக் கைதான், பாருங்க, இந்த எடத்துல கீறல்கூட இருந்துச்சு.

டைரக்டர் ஊர்லேர்ந்து வந்ததும் நேரா என் வீட்டுக்கு வந்தாரு. மூஞ்சியே செத்துப்போயிருந்துச்சு. அந்த வசனம் நாங்க வச்சதுதான்னு அதிகாரிகிட்ட சொல்லிட்டாராம். அப்ப அந்தம்மா நிஜமா என்ன சொன்னாங்கன்னு காட்டுங்க, அத வச்சு யோசிக்கறோம்னு கேக்கறாங்களாம். காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. கேமரா கார்ட அழிச்சு அடுத்த ஷூட்டிங்குக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஜெயசீலன் கம்ப்யூட்டர்ல எடம் பத்தலன்னு பைலட்டத் தூக்கிட்டான். என் வீட்டுத் தரையில உக்காந்துக்கிட்டு அந்தப் புள்ள கேட்டுச்சு: "அத ஹெட்ஃபோன்ல உத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தாம்மா, எங்க காதுக்கு எட்டல. ஒரு வார்த்தை ஞாபகம் இருந்தாலும் சொல்லுங்க. நான் படத்த நிறுத்திடறேன்."

படத்த நிறுத்தறதா? நாலு ஊர்ல ஓடிக்கிட்டிருக்கற படம். ஜனங்க பாத்துத் திருந்தற படம். லாரி சத்தம்தான் கேட்டுச்சு தம்பின்னேன். காப்பி குடுத்து அனுப்பினேன்.

அப்புறம் என்ன, மொதல் திட்டம்னு முடிவாச்சு, லாரி வந்து குடிசைக்காரங்க சாமானெல்லாம் ஏத்திட்டுப் போச்சு. ஊருக்கு வெளிய எங்கயோ அடுக்குமாடியாம். தேசம்மாவுக்கு மேல் மாடியாம். விடிகாலையில அங்கேர்ந்து மார்க்கெட்டுக்கு பஸ்ஸே கெடையாது, அதனால கடை போச்சு. கூட இருந்தவங்க யாரும் அவளோட பேசறது இல்லன்னு ஜெயசீலன் சொன்னான். அவளும் பேச்ச நிறுத்திட்டாளாம், வாயத் தொறந்தா யாரு குரல் வருமோன்னு கடைசியாச் சொன்னாளாம். அதெல்லாம் கொஞ்ச நாள்ல சரியாயிடும். அக்கா, நல்லவேளை உங்க பேரப் போடல, தப்பிச்சீங்கன்னு அவன் சிரிக்கறான். எனக்கு அதுலயும் வருத்தம்தான்.

ஆனா கால்வாய் நல்லா இருக்கும்மா, பொய் சொல்லக் கூடாது. போய்ப் பாருங்க. வேப்பங்கன்னு வச்சிருக்காங்க, உக்கார பெஞ்சு போட்டிருக்காங்க. இந்த வருஷம் மழைக்கு எங்க தெருவுல கணுக்கால் தண்ணிகூட நிக்கல. நான் நிம்மதியாத் தூங்கினேன். அவ குடிசை இருந்த எடத்துல ஒரு பெஞ்சு இருக்கு. அங்க மட்டும் உக்கார மாட்டேன், அங்க வெயில் அதிகம்.

அதுக்கப்புறம்தான் இந்தத் தொண்டை. ஸ்டூடியோவுல திரும்பி நிக்கற பொம்பளை வந்தா, வாய் தெரியாத ஷாட்டு வந்தா, காத்துதான் வருது. ஈஸியான எடம் அதான், அங்கதான் அடைக்குது. முந்தாநாள் ஒரு சீரியல்ல மாமியார் திரும்பி நின்னு ஒரே ஒரு வரி சொல்லணும். வரல. வேற ஆளக் கூப்பிட்டுப் பேச வச்சுட்டாங்க. குரல் போனா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன இருக்கு? சொல்லுங்க. பயமா இருக்கும்மா. நெஜமாவே பயமா இருக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? என்ன கேக்கறீங்க? அவ நிஜமா என்ன சொன்னான்னா? கேக்கலன்னுதான் சொன்னேனே. ஹாரன் அடிக்குது, அதுக்கு நடுவுல கைய அந்தக் கரைப் பக்கம் காட்டிக்கிட்டு, இருங்க, அவ மாதிரியே சொல்றேன். "தோ, அந்தக் கரையில வழி கீது பாரு சார், உன் நடைபாதைய அங்க போடு. கால்வாய ஆழமா வெட்டு, நானும் எறங்கி சேறு வாரிப் போடறேன்." இங்க ஒரு மூச்சு எடுக்கறா. சின்ன மூச்சு, மூக்கால. அப்புறம் மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "என்னிய மட்டும் இங்கேர்ந்து எழுப்பாத. நான் எழுந்தா என் அடுப்பு அணைஞ்சிரும் சார்."

கேட்டீங்களா?

குரல் வந்துச்சும்மா. கேட்டீங்கல்ல, எங்கயாவது அடைச்சுதா? கரகரப்பே இல்ல. பழைய குரல். இத்தன நாளா வராத குரல். இத ஸ்டூடியோவுலயே அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருந்தா உடனே மறுபடி ஷூட்டிங்குன்னு கெளம்பியிருக்கும், அன்னிக்கு டப்பிங்கே நடந்திருக்காது. அத விடுங்க. குரல் வந்துடுச்சு. இத டாக்டர் இப்பவே கேக்கணும், மறுபடி அடைக்கறதுக்குள்ள. தோ, கதவு தொறக்குது.

சிஸ்டர், இங்க. ஆமா, அடுத்தது இவங்கதான், கழுத்துல கட்டு போட்டிருக்கறவங்க. ஆனா நான் போறேன். இவங்களால பேச முடியாது, நான் சொல்றேன். இவங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையாம். நாங்க பேசிக்கிட்டோம். அப்புறமாவே போயிக்கறேங்கறாங்க. ட்ரெயின் எல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மாதான் கடியாரத்தப் பாக்கறாங்க. மனசாரத்தான் எடம் குடுக்கறாங்க, இல்லம்மா?

விடுங்கம்மா. கைய விடுங்க. ஏன் இப்படி இறுக்கிப் புடிக்கறீங்க? நீங்க சிரமப்பட வேணாம். என்ன சொல்ல வரீங்கன்னு எனக்குப் புரியுது. அதான் நானே சொல்லிட்டேனே.